யானைத் தடம் காப்போம், விளைநிலம் காப்போம்

முன்னுரை

மலையடிவாரத்தில் பண்ணையம் செய்யும் உழவர் பெருமக்களுக்கு யானையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓராண்டு பாடுபட்டு வளர்த்த வாழை ஒரே இரவில் தரைமட்டமாவதையும், தென்னங்கன்றின் குருத்து பிடுங்கப்பட்டுக் கிடப்பதையும் நேரில் பார்த்தவர்கள் நீங்கள். ஆகவே பயிற்சி வகுப்புகளில் "யானையை விரட்டுவது எப்படி?" என்ற கேள்வியே எப்போதும் முதலில் எழுகிறது.

அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. யானை எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது? அது வழக்கமாகப் போகும் வழி எந்த இடத்தில் அடைபட்டது? பயிர்ப் பாதுகாப்பு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. யானை போகும் தடம் திறந்திருந்தால் சேதம் ஓரிடத்தோடு நிற்கும். தடம் அடைபட்டால் சேதம் பல ஊர்களுக்கும் பரவும். தடத்தைத் திறந்து வைப்பது தனி ஒருவரால் ஆகும் காரியம் அன்று. ஊர் கூடித்தான் செய்ய வேண்டும். அதற்கான வழிமுறைகளை இந்தப் பாடத்தில் காண்போம்.

வழித்தடம் என்றால் என்ன?

வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ பசுந்தீவனம் உண்ணும். 100 முதல் 200 லிட்டர் வரை நீர் குடிக்கும். பத்து யானைகள் கொண்ட கூட்டத்துக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை டன் தீவனம் வேண்டும். ஒரே காட்டில் நின்று மேய்ந்தால் அந்தக் காடு சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். எனவே மழைக்கும் புல்லுக்கும் நீருக்கும் ஏற்ப யானைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கூட்டம் ஆண்டு முழுவதும் நடமாடும் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர் ஆகும். இதைத்தான் நம் முன்னோர் 'வலசை போதல்' என்றனர்.

இரண்டு பெரிய காடுகளை இணைக்கும் குறுகிய நிலப்பகுதியே வழித்தடம். பெரிய ஏரியின் நீரை வயலுக்குக் கொண்டுவரும் மதகை எண்ணிப் பாருங்கள். ஏரி எவ்வளவு பெரிதாயினும் மதகு அடைபட்டால் நீர் கரையை உடைத்துக்கொண்டு வேண்டாத இடத்தில் பாயும். யானைத் தடமும் அப்படிப்பட்ட மதகுதான்.

1992-இல் மத்திய அரசு யானைத் திட்டத்தைத் தொடங்கியது. 2010-இல் யானை தேசிய பாரம்பரிய விலங்காக அறிவிக்கப்பட்டது. 2023-இல் வெளிவந்த மத்திய அரசின் அறிக்கை, நாட்டில் 150 யானை வழித்தடங்கள் உள்ளதாகக் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2017-இல் 2,761 ஆக மதிப்பிடப்பட்ட யானைகளின் எண்ணிக்கை, 2023 கணக்கெடுப்பில் 2,961 ஆனது. யானைகள் நம்மோடு இருக்கப் போகின்றன. எப்படி இருக்கப் போகின்றன என்பதே கேள்வி.

மேட்டுப்பாளையத்தை ஒட்டிய கல்லாறு தடம்

கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் நகருக்கு வடக்கே, நீலகிரி மலையின் அடிவாரத்தில் உள்ளது கல்லாறு. நகரத்தை ஒட்டிய தடம் எவ்வாறு நெருக்கடிக்கு உள்ளாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கோவைக்கு மேற்கே போளுவாம்பட்டி, பெரியநாயக்கன்பாளையம், காரமடை என மலையடிவாரக் காடுகள் தொடர்ந்து செல்கின்றன. கிழக்கே சிறுமுகை, பவானிசாகர், சத்தியமங்கலம் காடுகள் உள்ளன. 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காடு, மோயாறு பள்ளத்தாக்கு வழியாக முதுமலையோடும் கருநாடகக் காடுகளோடும் இணைகிறது. இவ்விரு பக்கக் காடுகளுக்கும் நடுவே யானைகள் போய்வரும் வாசல் கல்லாறு.

இந்த வாசல் ஏன் குறுகியது? ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு. பெரிய உடலையும் கன்றுகளையும் வைத்துக்கொண்டு யானைக் கூட்டம் அந்தச் சரிவில் ஏறி இறங்க முடியாது. மறுபக்கம் பவானி ஆறும் நகரமும். இடையில் உள்ள அடிவாரப் பட்டைதான் யானைக்கு மிஞ்சிய வழி. அந்தப் பட்டையிலேயே குன்னூர் நெடுஞ்சாலை ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை இரயிலின் பாதையும் அங்கேதான். கோத்தகிரி சாலையும் அதே அடிவாரக் காட்டைக் கடந்துதான் மேலேறுகிறது. பாக்கு, வாழை, தென்னைத் தோப்புகளும் அங்கே உள்ளன. 1900-இல் தொடங்கப்பட்ட அரசு பழப்பண்ணையும் கல்லாற்றில்தான் இருக்கிறது. போதாக்குறைக்குத் தங்கும் விடுதிகளும், வீட்டுமனைப் பிரிவுகளும், சுற்றுச்சுவர்களும் சேர்ந்துகொண்டால் வாசல் எந்த அளவுக்குச் சுருங்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

தடம் அடைபட்டால் நிலத்துக்கு என்ன ஆகும்?

அடிவாரத்தில் வரிசையாகப் பத்துத் தோட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்காவது தோட்டத்தின் ஓரமாக ஓடும் பள்ளமே யானைத் தடம். அந்த நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, பள்ளத்தையும் சேர்த்து மதில் எழுப்புகிறார். இரவில் வந்த யானைக்கூட்டம் மதிலைக் கண்டு நிற்கிறது. திரும்பிப் போவதில்லை. பக்கவாட்டில் திரும்பி மூன்றாவது, ஐந்தாவது தோட்டங்களுக்குள் நுழைகிறது. அவர்களும் வேலி போடுகிறார்கள். யானை இரண்டுக்கும் ஆறுக்கும் போகிறது. கடைசியில் வேலி போட வசதியில்லாத சிறு உழவரின் காட்டில் எல்லா யானைகளும் இறங்குகின்றன.

இன்னொரு கேடும் உண்டு. வழி தேடி அலையும் யானை தோட்டத்துப் பயிரின் சுவையை அறிந்துகொள்கிறது. காட்டுப் புல்லைவிட நெல், கேழ்வரகு, கரும்பு போன்ற பயிர்களில் ஊட்டம் மிகுதி. குறைந்த நேரத்தில் நிறையத் தின்னவும் முடியும். 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர்ப் பகுதிகளில் பேராசிரியர் இராமன் சுகுமார் யானைகளை ஆராய்ந்தார். குட்டிகளோடு திரியும் கூட்டத்தைவிட வளர்ந்த ஆண் யானைகள் பல மடங்கு அதிகமான இரவுகளில் பயிரைத் தேடி வருவதை அவர் கண்டறிந்தார். ஆகவே உங்கள் ஊருக்கு வருவது கடந்து போகும் கூட்டமா, பயிருக்குப் பழகிய ஒற்றை ஆண் யானையா என்று பிரித்தறிதல் வேண்டும். கூட்டத்துக்கு வழி விட்டால் அது போய்விடும். பழகிய ஒற்றை யானைக்கு வனத்துறையின் தனிக் கவனிப்பு தேவை.

ஊர் கூடிச் செய்த மூன்று காரியங்கள்

வால்பாறை: ஆனைமலைக் காடுகள் சூழ்ந்த தேயிலைத் தோட்ட நகரம் இது. இங்கே உயிரிழப்புகளில் பெரும்பாலானவை, யானை அருகில் நிற்பது தெரியாமல் மாலையிலும் இரவிலும் நடந்து போனவர்களுக்கு நேர்ந்தவை. இதை உணர்ந்த ஆய்வாளர்கள் முனைவர் ம. ஆனந்தகுமார் தலைமையில் மக்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தனர். யானை நிற்கும் இடம் உள்ளூர்த் தொலைக்காட்சியில் அறிவிக்கப்பட்டது. பிறகு கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. பலர் பார்வைக்கும் படும் மேடுகளில் சிவப்பு விளக்குகள் நிறுவப்பட்டன. கைப்பேசி அழைப்பின் மூலமே அவற்றை எரியவைக்கலாம். அந்தந்தப் பகுதி மக்களே அதைச் செய்தனர். விளக்கு எரிந்தால் யானை அருகில் இருக்கிறது என்று பொருள். யானையை யாரும் பிடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. செய்தி நேரத்தில் கிடைத்ததால் மக்கள் தங்களைக் காத்துக்கொண்டனர். இப்பணிக்காக 2015-இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது என்னும் பன்னாட்டு விருது கிடைத்தது.

தடாகம்: கோவை நகரை ஒட்டிய தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் ஆழமாகத் தோண்டப்பட்டது. ஓடைகளும் யானைகள் நடந்த தடங்களும் குழிகளாயின. ஊர் மக்கள் விடாது மனு கொடுத்தனர், நீதிமன்றத்தையும் நாடினர். 2021-இல் உரிமமின்றி இயங்கிய சூளைகள் மூடப்பட்டன. தடத்தைக் கெடுப்பது உழவுத் தொழில் மட்டுமன்று என்பதையும், மக்கள் எழுந்து நின்றால் அதைத் தடுக்க இயலும் என்பதையும் இது காட்டுகிறது.

திருநெல்லி: கேரளத்தின் வயநாட்டில் உள்ள திருநெல்லி–குதிரக்கோடு தடத்தின் நடுவே சில சிறு குடியிருப்புகள் இருந்தன. இந்திய வனவிலங்கு அறக்கட்டளை அக்குடும்பங்களோடு பல ஆண்டுகள் பேசி, அவர்கள் இசைந்த பிறகே நிலத்தை விலைக்குப் பெற்று, வேறிடத்தில் குடியமர உதவியது. 2015-இல் அத்தடம் கேரள அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது இசைவு. வற்புறுத்திப் பெற்ற நிலத்தில் பகைதான் வளரும்.

நிலம் பறிபோகுமா என்ற அச்சம்

'யானை வழித்தடம்' என்ற சொல்லைக் கேட்டவுடனேயே பல உழவர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தைக் குறை சொல்வதற்கில்லை. நீலகிரி சீகூர் பகுதித் தடம் குறித்த அரசாணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2011-இலும், உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரிலும் உறுதி செய்தன. 2024-இல் தமிழ்நாடு வனத்துறையின் குழு ஒன்று 42 தடங்களைக் குறிப்பிடும் வரைவு அறிக்கையை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது பல ஊர்களில் கவலை எழுந்தது.

இவ்வகை அறிவிப்பு வரும்போது வதந்தியை நம்பாதீர்கள். அறிக்கையை வாங்கிப் படியுங்கள். உங்கள் ஊரின் புல எண்கள் அதில் உள்ளனவா என்று கிராம நிர்வாக அலுவலர் உதவியோடு சரிபாருங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் ஆவணங்களை ஒழுங்காக வைத்திருங்கள். வன உரிமைச் சட்டம் 2006-இன் கீழ் உரிமை கோருவோர் அந்த மனுக்களின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். கருத்துச் சொல்லக் குறிக்கப்பட்ட நாளுக்குள் கிராம சபையின் கருத்தை எழுத்தில் கொடுங்கள். யானை உண்மையில் எந்த வழியே போகிறது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இலர். உங்கள் வாக்குமூலம் இல்லாமல் வரையப்படும் வரைபடம் தவறான இடத்தில் கோடு போடக்கூடும்.

உழவியல் முறைகள்

1. பயிர்த் தேர்வு: வாழை, கரும்பு, நெல், மக்காச்சோளம், சோளம், கேழ்வரகு, பலா, தென்னை ஆகியவை யானைக்கு மிகவும் பிடித்தவை. தடத்தை ஒட்டிய வயல்களில் இவற்றைப் பயிரிடுவது விருந்து வைத்து அழைப்பதற்கு ஒப்பாகும். மிளகாய், மஞ்சள், இஞ்சி, எலுமிச்சை, எலுமிச்சைப் புல் போன்றவற்றை யானை பொதுவாக விரும்பி உண்பதில்லை. இவற்றைக் காட்டோர வயல்களிலும், மற்றவற்றை ஊரை ஒட்டிய உள்வயல்களிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். விரும்பாத பயிரையும் யானை நடக்கும்போது மிதிக்கும். ஆகவே யானை நடக்கும் நேர்வழியில் பயிரின்றி ஒரு பட்டையை விட்டுவைப்பதே நல்லது. பயிரை மாற்றும் முன் சந்தை நிலவரம், நீர் வசதி, ஆள் தேவை ஆகியவற்றையும் கணக்கில் கொள்க.

2. ஒரே காலத்தில் விதைப்பு: ஊரில் எல்லாரும் அறுவடை முடித்த பின்பும் ஒருவர் வயலில் மட்டும் கதிர் நின்றால், யானைகள் அந்த ஒரு வயலுக்கே வரும். ஒரே சமயத்தில் விதைத்து ஒரே சமயத்தில் அறுத்தால் காவல் நாட்களும் செலவும் குறையும். குறுகிய வயதுடைய இரகங்களைத் தேர்ந்தெடுப்பதும் இதற்கு உதவும். அறுத்த கதிரை அன்றே களத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

3. சூரிய மின்வேலி: 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கி, நொடிக்கு ஒரு முறை விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரம் பாயும் வேலி, யானைக்கு அதிர்ச்சி தருமே தவிரக் கொல்லாது. கம்பியில் புல்லும் கொடியும் பட்டால் மின்சாரம் மண்ணில் கசிந்துவிடும். எனவே வாரந்தோறும் வேலியடியில் களை எடுக்க வேண்டும். நாள்தோறும் மாலையில் மின்னழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். பராமரிக்காத வேலியை யானை சில மாதங்களில் அறிந்துகொண்டு மரக்கிளையால் சாய்த்துவிடும். மின்வேலிகளுக்கென 2023-இல் தமிழ்நாடு அரசு தனி விதிகள் வெளியிட்டுள்ளது. அவற்றின்படி வேலியைப் பதிவு செய்தும், புதிதாக அமைப்பதாயின் முன் அனுமதி பெற்றும் அமைக்க வேண்டும். தனித்தனி வேலியைவிட, தடத்தைத் திறந்தவாறு விட்டு இருபுறமும் ஊர் சேர்ந்து அமைக்கும் வேலியே பயன் தரும்.

4. அகழி: இரண்டு முதல் மூன்று மீட்டர் அகலமும் ஆழமும் கொண்ட அகழி யானையைத் தடுக்கும். மழையில் கரை சரிந்தால் அதே இடத்தில் யானை இறங்கிவிடும். ஓடை குறுக்கிடும் இடங்களிலும் பாறைப் பகுதிகளிலும் அகழி பயன்படாது. தடத்தின் குறுக்கே ஒருபோதும் அகழி வெட்டக் கூடாது.

5. தேனீ வேலி: கென்யா நாட்டில் சாவோ பகுதியில் சிறு உழவர் நிலங்களைச் சுற்றிக் கம்பியில் தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டு ஆராய்ந்தனர். 2024-இல் வெளியான முடிவின்படி, விளைச்சல் உச்சக் காலங்களில் வேலியை நெருங்கிய யானைகளில் 86 விழுக்காடு வரை திரும்பிப் போயின. வறட்சியில் தேனீக்கள் குறைந்தபோது பயனும் குறைந்தது. நம் நாட்டுத் தேனீ ஆப்பிரிக்கத் தேனீயைப் போன்று சீற்றம் கொண்டதன்று. எனவே இதைத் துணை முறையாகக் கொள்ளலாம். தேனும் மகரந்தச் சேர்க்கையும் கூடுதல் வரவு.

6. களைகளை நீக்குதல்: காட்டோரத்தில் உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் அடர்ந்தால் புல் வளராது. புல் குறைந்தால் யானை வயலைத் தேடும். வனத்துறை இக்களைகளை நீக்கும் பணியில் உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்புக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் வரப்பிலும் பள்ளத்திலும் உள்ளவற்றை நீங்களே வேருடன் களையுங்கள். புதர் நீங்கினால் யானை நிற்பது தொலைவிலேயே தெரியும் என்பது மற்றொரு பயன்.

7. கால்நடை நலம்: காட்டோரத்தில் மேயும் மாடுகளுக்கும் யானைகளுக்கும் பொதுவான நோய் அடைப்பான். 2021-இல் கோவை ஆனைகட்டிப் பகுதியில் யானை ஒன்று இந்நோயால் இறந்தது. அடைப்பான் கண்ட பகுதிகளில் கால்நடை மருத்துவரைக் கலந்து ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும். திடீரென இறந்த மாட்டை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது. கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, அவர் கூறும் முறைப்படி ஆழப் புதைக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இவ்வாறு அமைத்த வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன, இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார். ஒரு போகப் பயிரைக் காக்கப் போய் உழவர் தம் குடும்ப வாழ்வையே இழக்கலாமா? இத்தகைய கம்பியில் இரவில் நீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டக்காரரும், உங்கள் வீட்டுக் குழந்தையும் சிக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

காட்டுப்பன்றிக்கென வைக்கும் அவுட்டுக்காயும் அப்படியே. அதைக் கடித்த யானை வாய் சிதைந்து, உண்ணவும் குடிக்கவும் முடியாமல் பல நாள் துடித்து இறக்கும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று இவ்வாறு வெடிபொருளால் காயமுற்று ஆற்றுநீரில் நின்றபடியே இறந்தது. காயமுற்றுத் திரியும் யானை வழக்கத்தைவிடக் கடுமையாகத் தாக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி யானையைக் கொல்வது கடுங்குற்றம்.

கூட்டமாகச் சேர்ந்து கல்லெறிதல், நாலாபுறமும் நின்று கூச்சலிடுதல், நெருங்கிச் சென்று படம் எடுத்தல் ஆகியவையும் வேண்டாம். யானைக்குத் திரும்பிப் போக ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

ஊர்க் குழு அமைப்பது எப்படி?

தடத்தை ஒட்டிய ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்றை அமைக்கலாம். காட்டோர நிலம் உடையவர்கள், கூலித் தொழிலாளர்கள், பழங்குடி மக்கள், பெண்கள் ஆகியோர் கட்டாயம் இடம்பெற வேண்டும். விடியற்காலையில் வெளியே செல்பவர்களும், விறகுக்கும் தண்ணீருக்கும் போகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. எனவே அவர்கள் சொல்லும் செய்தி முதன்மையானது. குழு செய்ய வேண்டியவை:

அ. யானை கடந்த நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல். ஓராண்டுக் குறிப்பு இருந்தால் எந்த மாதத்தில் எங்கே காவல் வேண்டும் என்பது தானே விளங்கும். வனத்துறையிடம் பேசும்போது அதுவே சான்று.

ஆ. வனக்காப்பாளர், வனவர் ஆகியோரின் கைப்பேசி எண்களை எல்லா வீடுகளிலும் எழுதி வைத்தல். யானை வருவது தெரிந்ததும் அடுத்த ஊருக்குச் செய்தி சொல்லுதல். நம் ஊரிலிருந்து விரட்டிய யானை அடுத்த ஊருக்குத்தான் போகும். அவர்களுக்குச் சொல்லாமல் விரட்டுவது முறையன்று.

இ. பரண் காவலை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுதல். ஒருவர் மட்டும் தனியாகக் காவலுக்குப் போகக் கூடாது. மது அருந்தியவரை அனுப்பவே கூடாது.

ஈ. தெருவிளக்கு, வீட்டுக்கு வீடு கழிப்பறை ஆகியவற்றை ஊராட்சியிடம் கேட்டுப் பெறுதல். இவை இரண்டுமே உயிர் காப்பவை.

உ. அரிசி, உப்பு, வெல்லம், புளி ஆகியவற்றைச் சுவரோரமும் சன்னல் அருகிலும் வைக்காதிருக்கச் செய்தல். அவற்றின் மணத்துக்காகவே யானை சுவரை இடிக்கிறது.

ஊ. நகரக் குப்பையும் உணவகக் கழிவும் தடத்தருகே கொட்டப்படுவதைத் தடுத்தல். சாலையோரத்தில் பயணிகள் உணவுப் பொருட்களை வீசாதவாறு அறிவிப்புப் பலகை வைத்தல். குப்பைக்குப் பழகிய யானை ஊரைவிட்டுப் போகாது.

எ. தடத்தை ஒட்டிய நிலம் விற்பனைக்கு வருவதையும், மதில் எழும்புவதையும் கவனித்து, விதிமீறல் இருந்தால் கிராம சபைத் தீர்மானத்தோடு மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் தெரிவித்தல்.

நகர மக்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பில்லூர், சிறுவாணி நீரைக் குடிக்கும் கோவை நகரம் இந்தக் காடுகளால் வாழ்கிறது. தடத்தின் நன்மை எல்லாருக்கும், நட்டம் மட்டும் காட்டோர உழவருக்கு என்றால் அது நியாயமன்று. வணிகர் சங்கம், பள்ளி, கல்லூரி, அரிமா சங்கம் போன்றவை வேலிப் பராமரிப்புக்கும் விளக்கு வசதிக்கும் பொருள் உதவி செய்ய முன்வர வேண்டும். மேட்டுப்பாளையத்திலேயே அமைந்துள்ள வனக்கல்லூரியின் ஆலோசனையையும் கேட்டுப் பெறலாம்.

இழப்பீடு பெறும் முறை

பயிர்ச் சேதம் நேர்ந்தால் மிதிபட்ட பயிரை உடனே அப்புறப்படுத்தாதீர்கள். கால் தடம், சாணம், சாய்ந்த மரம் ஆகியவை தெரியுமாறு படம் எடுங்கள். காலையிலேயே வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரின் சான்றும், வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரின் சேத மதிப்பீடும் தேவைப்படும். குத்தகைக்குப் பயிரிடுவோர் குத்தகைச் சான்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். ஊர்க் குழு எல்லா விண்ணப்பங்களையும் ஒரு பதிவேட்டில் வரிசைப்படுத்தித் தொடர்ந்து கேட்டு வந்தால் தாமதம் குறையும். இழப்பீடு தாமதமானால் உழவரின் பொறுமை குறையும், பொறுமை குறைந்தால் தடமும் அழியும் என்பதை அலுவலர்களும் உணர வேண்டும்.

முடிவுரை

யானை விரும்பி நம் வயலுக்கு வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. பயிரின் சுவைக்காக வருவனவும் உண்டு. ஆனால் வழி அடைபட்டதால் வருவனவற்றை நாம் தடுக்க முடியும். அதற்கான மருந்து கடையில் கிடைக்காது. பக்கத்துத் தோட்டக்காரரோடு உட்கார்ந்து பேசுவதில்தான் இருக்கிறது. வாய்க்காலை முறை வைத்துப் பகிர்ந்த உழவர்களுக்கு, தடத்தை முறையாக விட்டுக்கொடுப்பது புதிய பழக்கம் அன்று.

நினைவிற் கொள்க

1. தடம் திறந்திருப்பதே முதல் பயிர்ப் பாதுகாப்பு.
2. ஒருவர் போடும் வேலி அடுத்தவர் வயலுக்கு யானையை அனுப்பும். ஊர் சேர்ந்து திட்டமிடுக.
3. காட்டோரத்தில் வாழை, கரும்பு, மக்காச்சோளத்தைத் தவிர்க்க.
4. நேரடி மின்சாரமும் அவுட்டுக்காயும் யானைக்கும் மனிதருக்கும் எமன்.
5. யானை வரவைக் குறிப்பேட்டில் பதிக. சேதத்தை அன்றே எழுத்தில் தெரிவிக்க.

உழவர் மன்றத்தில் கலந்து பேச வினாக்கள்

1. உங்கள் ஊரில் யானை கடக்கும் இடங்கள் எவை? இருபது ஆண்டுகளுக்கு முன்பும் அவையேவா?
2. அவற்றுள் எவை அடைபட்டன? எதனால்?
3. அடைபட்ட பின் எவருடைய வயலில் சேதம் கூடியது?
4. காட்டோர வயல்களில் எந்தப் பயிரை மாற்றலாம்? அதற்குச் சந்தை உண்டா?
5. உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?